உப்புப் படாத ஒளிவிலகல்மானி

ஆதிநாராயணன் கரைமேல் நின்று ஒரு சின்னக் குழலைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து தேசப்பனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இருவரும் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் உப்பு ஓடையை ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் இறால் குட்டை வைத்திருந்தார்கள். நடுவில் ஒரே கரை. அதற்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பிக் கம்பெனியில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். இருவரையும் ஒரே நாளில் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. ஒரே குஞ்சுப் பொரிப்பகத்தில் இறால் குஞ்சு வாங்கினார்கள். குட்டையில் உப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இருவரும் ஒரே மாதிரி விரலை நனைத்து, நாக்கில் வைத்து, துப்புவார்கள். இப்படி எல்லாவற்றிலும் சமமாக இருந்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் அரசாங்கம் ஒரு குழலைக் கொடுத்துவிட்டது.

கொடுத்தது கடலோர உவர்நீர் அளவீட்டு மேம்பாட்டு முகமை. விழா வைத்து, மாலை போட்டுக் கொடுத்தது. பேப்பரில் படம்கூட வந்தது.

அதற்குப் பிறகு ஆதிநாராயணன் குட்டைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். காலையில் குட்டைத் தண்ணீரை இரண்டு சொட்டு எடுத்துக் குழலின் முனையில் சாய்வாக இருக்கும் கண்ணாடியில் விடுவான். மேல் மூடியை மெல்லக் கவிழ்ப்பான். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுவான். கொஞ்சம் பொறுத்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே ஏந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பிறகு யாரும் கேட்காமலேயே "பதினேழு!" என்று கத்துவான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் பெட்டிக்குள் வைப்பான். வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை விட்டுப் பார்த்து, கோடு பூஜ்யத்தில் நிற்காவிட்டால் பொடி ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்வான்.

தேசப்பனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், தன் மோட்டார் கொட்டகையின் தகர இடுக்கு வழியாக அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேசப்பா, உன்துலயும் எவ்ளோ கீதுன்னு பாத்துச் சொல்லட்டா?" என்று ஆதிநாராயணன் ஒருநாள் கேட்டான்.

"வாணாம். எனக்குத் தெரியும்" என்றான் தேசப்பன். அவனுக்குத் தெரியாது.

வீட்டில் அவன் மனைவி பிரேமா, "அந்த உப்பு மீட்டரு தீவனக் கடையிலயே கெடைக்குதாமே. ஒண்ணு வாங்கிக்கினா முடிஞ்சிச்சு. எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள்.

"வாங்கறது யாரு வேணா வாங்கலாம். அவனுக்குக் குடுத்தாங்க. எனக்கும் குடுக்கணும்."

"குடுக்கலன்னா?"

"அவனுக்கு மட்டும் ஏன் குடுத்தீங்கன்னு கேப்பேன்."

பிரேமா சிரித்தாள். சிரித்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலுக்குக் கீழே விரித்திருந்த பேப்பரைக் கவனித்தாள். அந்த விழாப் படம்தான். ஆதிநாராயணனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி வினோதா அரக்குப் பட்டில் நின்றுகொண்டிருந்தாள். குழலைவிடப் புடவைதான் தெளிவாக விழுந்திருந்தது.

"நாளைக்கே போய்க் கேளு" என்றாள் பிரேமா.

முகமையின் மாவட்ட அலுவலகம் திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில், கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மாவட்ட அலுவலர் அருணாச்சலத்தின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் சிவப்பு வெல்வெட்டின்மேல் ஒரு குழல் படுத்திருந்தது. அதன்மேல் ஒரு பல்பு எரிந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் கண்ணாடி முனையில் காய்ந்து ஒட்டியிருந்தன.

"சார், அந்தக் குழலு..." என்று தேசப்பன் ஆரம்பித்தான்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க" என்றார் அருணாச்சலம். தேசப்பன் விட்டுவிட்டு வந்தான்.

"குழல்னு சொல்லாதீங்க. கையடக்க உவர்ப்பு ஒளிவிலகல்மானி. இந்தப் பேரை முடிவு பண்ண ஒரு குழு உட்கார்ந்துச்சு. நடுவுல ஒற்று மிகுமா மிகாதான்னு அது ரெண்டா ஒடைஞ்சு, அதை விசாரிக்க இன்னொரு குழு உட்கார்ந்துச்சு. பேர் இல்லாம பொருளை இறக்கக்கூடாதுன்னு அதுவரைக்கும் கருவியெல்லாம் துறைமுகத்துலயே இருந்துச்சு. அப்படிக் கஷ்டப்பட்டு வாங்கின பேரு."

தேசப்பன் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்ல முயன்று, "அது ஒண்ணு எனக்கும் வேணும் சார்" என்று முடித்துக்கொண்டான்.

அருணாச்சலம் எழுந்து, அலமாரியின் பக்கம் திரும்பி நின்று பேசினார். பார்க்க வந்தவர் யாராக இருந்தாலும் அவர் அப்படித்தான் பேசுவார் போலிருந்தது.

"இந்த மாவட்டத்துல எத்தனையோ ஆபீஸ் எத்தனையோ கருவி குடுக்குது. ஒரு வருஷம் கழிச்சுப் போய்ப் பாருங்க, ஒண்ணுகூட உருப்படியா இருக்காது. காரணம் என்ன? ஜனங்க அதை உபயோகிக்கிறாங்க! எங்க கருவிங்களைப் பாருங்க. ஒரு கீறல் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டது கிடையாது. அத்தனையும் பூஜ்யத்துல நிக்குது. தலைமை அலுவலகத்துல இருந்தே எழுதிப் பாராட்டியிருக்காங்க. பூஜ்யத்துல நம்ம மாவட்டம்தான் முதலிடம்."

அவர் குரல் சற்றே இறங்கியது. சன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

"எதிர்க் கட்டடத்துலயும் ஒரு ஆபீஸ் இருக்கு. அவங்ககிட்ட இருக்கறது நம்பர் தானா எரியற மிஷினு. அவங்க அலமாரிக்கு ரெண்டு பல்பு. நமக்கு ஒண்ணுதான். நானும் இன்னொரு பல்பு கேட்டு எழுதிக்கிட்டே இருக்கேன். காலையில வந்ததும் என் கண்ணு அங்கதான் போகுது தம்பி. என்ன பண்றது?"

தேசப்பனுக்கு அவரைச் சட்டென்று பிடித்துப்போயிற்று. அங்கே உட்கார்ந்திருப்பது ஒரு அதிகாரி இல்லை, தகர இடுக்கு வழியாகப் பார்க்கிற இன்னொருத்தன் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்கு ஒண்ணு குடுங்க சார்."

"ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு. யாராவது தகுதி இழந்தா அதைத் தரலாம்."

"தகுதி இழக்கறதுன்னா?"

"கருவியைத் தப்பா உபயோகிக்கிறது."

"தப்பான்னா எப்படி சார்?"

"உபயோகிக்கிறது" என்றார் அருணாச்சலம்.

தேசப்பன் இதைச் சொல்வதற்காக வரவில்லை. அது அவன் மனதில்கூட இருக்கவில்லை. ஆனால் வாய்க்கு வந்துவிட்டது.

"ஆதிநாராயணன் தெனமும் பாக்கறான் சார்."

"எதை?"

"அதுக்குள்ள. தண்ணிய வுட்டு."

"எந்தத் தண்ணி?"

"குட்டைத் தண்ணிதான் சார்."

"உப்புத் தண்ணியா?" என்று கேட்டபோது அருணாச்சலத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தேசப்பன் தலையாட்டினான். அருணாச்சலம் உள்ளறையைப் பார்த்துக் கத்தினார். "ஸ்டீவன்! ஜீப்பை எடுக்கச் சொல்லு!"

மறுநாள் காலை ஜீப் கரைமேல் ஏறி வந்தபோது ஆதிநாராயணன் குழலைக் கண்ணில் வைத்திருந்தான். அருணாச்சலம் இறங்கி, "அசையாதே! அப்படியே நில்லு!" என்றார். அவர் உதவியாளர் ஸ்டீவன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு போய், ஆதிநாராயணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழலை எடுத்தான். கண்ணாடியில் இருந்த ஈரத்தை ஒரு துணியில் ஒற்றினான்.

"சோதனை பண்ணு" என்றார் அருணாச்சலம்.

ஸ்டீவன் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தான். "உப்பு சார்" என்றான்.

"சார், அது உப்பு பாக்கற மிஷினு" என்றான் ஆதிநாராயணன். "அதுல உப்பு இல்லாம சக்கரையா இருக்கும்? நான் பாத்ததும் தொடைச்சித்தான் வெக்கறேன். கீறலு இருந்தாச் சொல்லுங்க."

"உப்பைப் பார்க்கத்தான்யா கருவி. உப்பு வந்து கருவியைத் தொடக்கூடாது" என்றார் அருணாச்சலம். பக்கத்துக் குட்டைக்காரர்கள் கூடிவிட்டதைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்தது. "நண்பர்களே! இந்தக் குற்றம் எப்படி வெளிச்சத்துக்கு வந்துச்சு? நாங்க கண்டுபிடிச்சோமா? இல்ல. எங்களால எதையும் கண்டுபிடிக்க முடியாது. விழிப்புள்ள ஒரு மனுஷன் மணவாள நகர் வரைக்கும் பஸ் ஏறி வந்து சொன்னார். தேசப்பன் எங்க? முன்னால வாங்க!"

தேசப்பன் மோட்டார் கொட்டகைக்குள் இருந்தான். ஸ்டீவன் போய்க் கூட்டிவந்தான். அருணாச்சலம் ஜீப்பிலிருந்து ஒரு சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். எல்லோரும் கைதட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். யாரும் தட்டாததால் ஸ்டீவன் மட்டும் கையுறையோடு தட்டினான்.

ஆதிநாராயணன் சால்வையைப் பார்த்தான்.

"உன்துல எவ்ளோன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரையிலிருந்து இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் தேசப்பனோடு பேசவில்லை.

குழல் கைக்கு வருமுன் தேசப்பன், ஆதிநாராயணன் விவகாரத்துக்குப் பிறகு முகமை கட்டாயமாக்கிய கருவிக் காப்பாளர் பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. உப்புக் காற்று கருவிகளுக்கு ஆகாது என்பதால், முகமை தன் பயிற்சி நிலையத்தைக் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டில் வைத்திருந்தது. அடுத்த ஒதுக்கீட்டுக்காகப் பயிற்சிக்கு வந்தவர்களில் கரும்பு போடுகிறவர் இருந்தார், மாம்பழ மண்டிக்காரர் இருந்தார், டியூஷன் எடுக்கிறவர் இருந்தார். தாலுகாவுக்கு இத்தனை பேர் என்று சமமாகப் பிரித்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் வைத்திருந்தவன் தேசப்பன் ஒருவன்தான். அதை அவன் வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது என்று ஸ்டீவன் காதோடு சொன்னான்.

பயிற்சிக்கு உண்மையான கருவியைத் தரவில்லை. அதே நீளத்துக்கு அறுத்த பிளாஸ்டிக் பைப் துண்டு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதைப் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது, எடுக்கும்போது எப்படி மூச்சு விடாமல் இருப்பது, மறுபடி எப்படி வைப்பது என்று ஸ்டீவன் சொல்லிக்கொடுத்தான். கடைசி நாள் செய்முறை விளக்கம். மேசையின் ஒரு கோடியில், சமையல் உப்பைக் கரைத்த டம்ளரை வைத்தான். இன்னொரு கோடியில் ஒரு நிஜக் கருவியைப் பெட்டியோடு வைத்தான். "இது உப்புத் தண்ணி. அது கருவி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் பராமரிப்பு" என்றான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"ஏன் சார், அது எப்படி வேலை செய்யுது?" என்று தேசப்பன் கேட்டான்.

"அது வேலை செய்யற கருவி இல்லண்ணே. அரசாங்கக் கருவி" என்றான் ஸ்டீவன். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

பைப் துண்டை ஏந்திக்கொண்டு அறையைச் சுற்றி வருவதுதான் தேர்வு. மாம்பழ மண்டிக்காரருக்குப் பாதி வழியில் தும்மல் வந்து, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேசப்பன் தேறிவிட்டான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்துக் குழலைக் கொடுத்தார்கள். ஆதிநாராயணனிடமிருந்து எடுத்த அதே குழல். உப்புப் பட்ட தோஷத்துக்குப் பரிகாரமாகக் கண்ணாடியில் குங்குமம் வைத்து, பெட்டியில் போட்டு, நூல் சுற்றி, அரக்கு முத்திரை குத்தியிருந்தார்கள். பிரேமா மாம்பழக் கலர் பட்டில், படம் எடுப்பவனிடம் இரண்டு முறை சொல்லி, முன்னால் நின்றாள். வீட்டில் டி.வி. இருந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. டி.வி. தரைக்கு இறங்கியது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். தேசப்பனுக்கு ஒரு வாரம் நன்றாகச் சோறு இறங்கியது.

அதற்குப் பிறகு மறுபடி நின்றுவிட்டது. காரணம் ஆதிநாராயணன்தான். குழல் போனவன் ஒடிந்து உட்கார்ந்திருப்பான், டி.வி. இடத்தில் உட்கார்ந்த பெட்டியை நினைத்து வெந்துகொண்டிருப்பான் என்று தேசப்பன் எதிர்பார்த்திருந்தான். தகர இடுக்கு வழியாக அதற்கான அறிகுறியைத் தேடினான். ஆதிநாராயணன் பழையபடி கைலிக்கு மாறியிருந்தான், அவ்வளவுதான். விரலை நனைத்து நாக்கில் வைத்து, "பதினாறு இருக்கும்!" என்று அதே குரலில் கத்தினான். தீவன லாரிக்காரன் அவனிடம்தான் கேட்டான். தெற்குக் குட்டைக்காரர்களும் அவனிடம்தான் கேட்டார்கள். அவன் சொல்வது சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் அவனிடம்தான் கேட்டார்கள். குழல் தன் வீட்டில் இருந்தும், அதற்குள் பார்த்தவன் என்ற பேர் அவனிடமே தங்கிவிட்டதே என்று தேசப்பனுக்கு வயிறு எரிந்தது. பொறாமையே படாத ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதுபோல் ஒரு பேஜாரு வேறு இல்லை.

கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து நின்றது. மழை விடாமல் கொட்டியது. ஓடை நிரம்பி, குட்டைகள் கரை விளிம்புக்கு வந்தன. மூன்றாம் நாள் விடியலில் தேசப்பன் போய்ப் பார்த்தபோது தீவனம் தட்டில் அப்படியே கிடந்தது. ஓரமெங்கும் இறால்கள் மேலே வந்து மீசையை நீட்டிக்கொண்டு மிதந்தன. அவன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். மழையில் நனைந்து சளி பிடித்திருந்ததால் உப்பும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அருணாச்சலத்துக்குப் போன் போட்டான்.

"சார், பெட்டிய ஒடைக்கட்டுமா? இங்க ஒரே மழை."

"மழையா? அப்படின்னா பெட்டியை ஒரு கம்பளியில சுத்தி இன்னும் மேல வைங்க. கருவிக்கு ஈரம் ஆகாது."

"இறாலு சாவப்போவுது சார்!"

"இறால் வேற துறை" என்றார் அருணாச்சலம். அந்தத் துறையின் நம்பர் தன்னிடம் இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு வைத்தார்.

தேசப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஆதிநாராயணன் தலையில் தீவனச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பல மாதம் கழித்து முதல் தடவையாகப் பேசினான்.

"அதை எடு தேசப்பா."

"சீலு வெச்சிக்கீறாங்கடா."

"என்துல எல்லாம் மேல மேல வருது. மேல நிக்கற மழைத் தண்ணிய மட்டும் மதகுல வடிச்சிட்டா பொழைச்சிக்கும். ஆனா அடித் தண்ணியும் சப்புன்னு பூட்ச்சின்னா, தொறந்தா மிச்சமீதி உப்பும் ஓடிப்பூடும். எதுன்னு பாக்காம தொறக்க முடியாது. நாக்கு வெச்சில்லாம் இது தெரியாதுடா."

"அப்போ தெனமும் பதினாறு பதினாறுன்னு கத்திக்கினு இருந்தியே?"

"சும்மா கத்தினேன்" என்றான் ஆதிநாராயணன்.

தேசப்பன் பெட்டியைப் பார்த்தான். அதை உடைத்தால் எல்லாம் போய்விடும். படம் போய்விடும், காப்பாளர் பட்டம் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் அவனைத் தடுத்தது அது இல்லை. பெட்டியைக் கொடுத்தால் மறுபடியும் ஆதிநாராயணன் கரைமேல் நின்று பார்ப்பான், தான் கீழே நின்று அண்ணாந்துகொண்டிருக்க வேண்டும். இறால் செத்துக்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு அந்த நினைப்புதான் முதலில் வந்தது.

"நான்தான் மொதல்ல பாப்பேன்" என்றான்.

"பாத்துத் தொலை! வா!"

தேசப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

கரைமேல் பிரேமா குடை பிடித்தாள். தேசப்பன் பயிற்சியில் கற்றபடி மூச்சை அடக்கிக் குழலை எடுத்து, கற்றபடியே ஏந்தி, கண்ணில் வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. "அது தண்ணி வுடற பக்கம்டா" என்று ஆதிநாராயணன் குழலைத் திருப்பிக்கொடுத்தான். திருப்பினால் எல்லாம் சிவப்பாக இருந்தது. குங்குமத்தை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும் என்று ஆதிநாராயணன் கையைத் தட்டிவிட்டான். பிறகு அவன் மடியில் வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரை விட்டுப் பார்த்தபோது கோடு பூஜ்யத்தைவிட்டு நகர்ந்திருந்தது. முகமையின் அலமாரியில் அதைச் சரிபார்த்தவர் யாரும் இல்லை. திருகாணியைத் திருப்பினார்கள். கடைசியில் குட்டைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் கவிழ்த்து, ஆதிநாராயணன் குழலை நீட்டினான்.

"பாரு."

தேசப்பன் பார்த்தான். மழை வானத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் அந்தக் குழலுக்குள் வந்து சேர்ந்திருந்தது. மேலே நீலம். கீழே வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் நேராக ஒரு கோடு, பக்கத்தில் எண்கள். அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அவன் இத்தனை நாள் அதைப் பார்க்காமல் இருந்திருந்தான். சில நொடிகளுக்கு அவனுக்கு இறாலும் மறந்துபோயிற்று.

"எவ்ளோடா?"

"நாலு" என்றான் தேசப்பன்.

பாட்டிலில் கல்லைக் கட்டி இறக்கி அடித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். அடியில் பதின்மூன்று இருந்தது. உப்பு இன்னும் கீழே தங்கியிருந்தது. இரண்டு குட்டையிலும் அப்படியே. மதகில் மேல் பலகைகளை மட்டும் உருவி, மேலாக நின்ற மழைத் தண்ணீரை ஓடைக்கு விட்டார்கள். தண்ணீர் வடிய வடியப் பார்த்தார்கள். கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிற்பகலில் மழை விட்டது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களை ஓடவிட்டார்கள். மூலைகளில் ஒதுங்கிய சில இறால்கள் வெளுத்துச் செத்துப்போயின. மற்றவையெல்லாம் பிழைத்து அடிக்குப் போய்விட்டன.

"எனக்கு உன்மேல கோவம் இன்னும் போவல" என்றான் ஆதிநாராயணன், கரைமேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

"தெரியும். இன்னொரு தபா பாத்துக்கட்டா?"

"போதும்டா. எத்தினி தபா பாப்ப? குடு, தொடைச்சி வெக்கணும்."

அடுத்த வாரம் அருணாச்சலம் சோதனைக்கு வந்தார். அறுந்த நூலைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, குங்குமம் இல்லாமல் பளபளவென்று கிடந்த கண்ணாடியைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டீவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"ரெண்டு குட்டையும் பொழைச்சிச்சு சார்" என்றாள் பிரேமா. "இறாலு எல்லாம் நல்லா கீது."

"அதை எழுத எங்க அறிக்கையில இடமில்லம்மா" என்றார் அருணாச்சலம். அவர் குரலில் கோபம் இல்லை, துக்கம்தான் இருந்தது. "ஒரே கருவி. ரெண்டு தடவை உபயோகம். நான் தலைமை அலுவலகத்துக்கு என்ன பதில் சொல்லுவேன்? எதிர்க் கட்டடத்துக்காரன் சிரிப்பானேம்மா!"

திருவள்ளூரில் நடந்த ஆண்டு விழாவுக்கு இருவரும் வந்தே தீர வேண்டும் என்று ஜீப் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். மேடையின் ஓரத்தில், மற்றவர்களிடமிருந்து தள்ளி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டம் சேர்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அருணாச்சலம் பேசினார்.

"மாணவ மாணவியரே, காப்பாளர்களே! இந்த ரெண்டு பேரையும் நல்லாப் பார்த்துக்குங்க. கருவியை அது எதுக்காக செஞ்சாங்களோ அதுக்கே உபயோகிச்சவங்க. நம்ம முகமை ஏற்பட்டதுலருந்து இப்படி ஒரு அவமானம் நடந்ததில்ல. இப்படி ஆளுக்கு ஆள் உப்பை அளந்துக்கிட்டா, உவர்நீர் அளவீட்டு முகமைன்னு ஒண்ணு எதுக்கு?" கைதட்டல் எழுந்தது. அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எழுத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஸ்டீவனிடம் குனிந்து சொன்னார். மைக் அணைந்திருக்கவில்லை.

பிறகு சிறந்த காப்பாளர் விருது. பள்ளிப்பட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் மணவாளன் என்பவருக்குக் கொடுத்தார்கள். அவர் பெட்டியைத் திறந்ததே இல்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அவருக்கு முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை, ஜரிகைச் சால்வை, ஆளுயர மாலை. போட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி தேசப்பன் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றில் பழைய எரிச்சல் மெல்ல ஏறியது. பக்கத்தில் திரும்பினான். ஆதிநாராயணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழா முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். இருவரும் ஒரு மரத்தடியில் நின்று தின்றுகொண்டிருந்தபோது, மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணவாளன் வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அருகில் நெருங்கினார்.

"நீங்க ரெண்டு பேருதான அந்த... பாத்தவங்க?"

"ஆமா" என்றான் ஆதிநாராயணன்.

"நெஜமாவே கண்ணு வெச்சி?"

"ஆமாங்கறேன்ல."

மணவாளன் குரலை இன்னும் தாழ்த்தினார். "உள்ள இன்னாண்ணே தெரியும்?"

ஆதிநாராயணன் சொல்ல வாயெடுத்தான். தேசப்பன் அவன் கையை அழுத்தினான். அவன் மணவாளனின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜரிகையும் கோப்பையுமாக நின்ற அந்த மனிதரின் கண்ணில் இருந்தது அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆனால் அதை இதுவரை யாரும் அவன் பக்கமாகத் திருப்பியதில்லை.

"நீலம்" என்றான் தேசப்பன்.

"நீலமா? எப்படி நீலம்? வானம் மாதிரியா? துணிக்குப் போடறோமே, அது மாதிரியா?"

"அதெல்லாம் வாயால சொல்ல வராது நைனா."

"கொஞ்சமாச்சும் சொல்லுங்கண்ணே. ஊட்டுல தெனமும் அந்தப் பெட்டி எதுக்கதான் உக்காந்து நாஷ்டா துன்றேன்."

"பெட்டி உங்க ஊட்டுலதான கீது?" என்றான் ஆதிநாராயணன். "தொறந்து பாத்துக்க வேண்டியதுதான?"

மணவாளன் மண்டபத்தின் பக்கம் பயந்து திரும்பினார். கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"கப்பைத் திருப்பி வாங்கிக்குவாங்கண்ணே" என்றார்.

ஆனாலும் அவர் போகவில்லை. அவர்கள் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று, நீலம் மேலேயா கீழேயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தேசப்பன் சொல்லவில்லை.